ஆயிரம் ரூபாய் வந்ததால் சோம்பேறி ஆனோமாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண்களுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற மகளிர் உரிமைத்தொகை வந்த பிறகு கடை வேலைக்குப் பெண்கள் கிடைப்பதில்லை, வீட்டில் இருந்து பழகிவிட்டார்கள் என்று போன வாரம் ஒரு வியாபாரி எழுதியிருந்தார். ஆயிரம் ரூபாயில் மாதம் ஓடுகிற ஊர் எதுவென்று அண்ணாச்சி சொன்னால் நாங்களும் அங்கேயே குடிவந்துவிடுவோம். கருங்கல் சந்தைக்கு நாலு தடவை போய் வந்தால் அந்தப் பணம் தீர்ந்தது.

நான் ஒன்பது வருஷம் அண்டி ஆபீசில் இருந்தவள். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலைக்கு இங்கே அதுதான் பெயர்.) தோடு உடைக்கும்போது எண்ணெய் பட்டு விரலில் தோல் உரியும், சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்போம், கிலோ கணக்கில் கூலி. விரல் வெந்ததற்காக நான் வேலையை விடவில்லை. மகன் பிறந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன், மாமியார் பார்த்துக்கொண்டார், அவர் படுக்கையில் விழுந்ததும் எல்லாம் நின்றது. அங்கன்வாடியில் இரண்டு வயது ஆனால்தான் சேர்ப்பார்கள், சேர்த்தாலும் எங்கள் ஊரில் நாலு மணிக்குள் பிள்ளையைக் கூட்டிவந்துவிட வேண்டும், ஆபீசிலோ ஐந்தரைக்குத்தான் எடை போட்டு விடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பிள்ளையைப் பிடிக்க ஆள் இல்லாமல் வேலையை விட்டவர்கள் எங்கள் மகளிர் குழுவில் மட்டும் நாலு பேர். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆலையிலேயே காப்பக அறை வேண்டும் என்று நான் வேலை பார்த்த காலத்தில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. நான் இருந்த இடத்திலும் அறை இருந்தது, அதில் காலிச் சாக்குதான் கிடந்தது.

அப்புறம் அந்த இரண்டரை லட்சம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு அதைத் தாண்டினால் உரிமைத்தொகை கிடையாது. என் வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு, நல்ல மாதத்தில் பதினைந்தாயிரம் வரும். நான் ஒன்பதாயிரத்துக்கு ஒரு துணிக்கடையில் சேர்ந்தால் காகிதத்தில் 2,88,000 ஆகிவிடும். மழை பிடித்தால் வெட்டு கிடையாது, மாசி பங்குனியில் இலை உதிர்ந்தாலும் கிடையாது, இதையெல்லாம் எந்த வருமானச் சான்றில் எழுதுவது? அதனால்தான் பல பேர் பதிவில் இல்லாத வேலையாகப் பார்த்துப் போகிறார்கள். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, முதலாளிக்கும் அது வசதிதான்.

உதவி செய்தால் வேலைக்குப் போகமாட்டார்கள் என்பது சுத்தப் பொய். அரசுப் பள்ளியில் காலை உணவு வந்த பிறகுதான் எட்டு மணிக்கு முன்னால் வீட்டைவிட்டு இறங்க முடிகிறது, இலவச பஸ் வந்த பிறகுதான் மார்த்தாண்டம் வரை வேலை தேடவே போகிறோம்.

வேலையில் சேர்ந்தால் ஒரு வருஷத்துக்காவது உரிமைத்தொகையை நிறுத்தாமல் இருக்கலாம். ஆலைகள் இருக்கும் பகுதியில் அங்கன்வாடியை ஆறு மணி வரை திறந்து வைக்கலாம், அதற்கு அந்த டீச்சருக்கும் ஆயாவுக்கும் கூடுதல் சம்பளம் கொடுத்துத்தான், சும்மா அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

அந்த வியாபாரிக்கு இன்னும் ஆள் தேவையென்றால், கடையில் எத்தனை மணிக்கு விடுவார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஆறு ஐம்பதுக்கு.

ஒரு வாசகி,
கருங்கல்