எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

செங்கோட்டை ஸ்டுடியோவைக் காலி செய்து சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றும், பின்னறையில் இருக்கிற பழைய நெகட்டிவ்களை எல்லாம் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு ஆள் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். கடையை மூடுவது பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. முழங்கால் வலியோடு எத்தனை நாள்தான் அந்த மாடிப்படி ஏறுவீர்கள். ஆனால் நெகட்டிவ் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். போனில் சொன்னால் "சரிடே, பாப்போம்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கடையநல்லூரிலும் புளியங்குடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலும் இதே மாதிரி பின்னறை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் உண்டு. அவர்களும் படிக்கட்டும்.

முதலில் அந்த எடைக்காரர் எதற்காக வருகிறார் என்று பார்ப்போம். அவருக்கு வேண்டியது வெள்ளி. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாகத் தெரிவதே வெள்ளித் துகள்தான், அதைப் பிரித்தெடுத்தால் காசு. கலர் நெகட்டிவில் அது கிடையாது, லேபில் கழுவும்போதே வெள்ளி மொத்தமும் கரைந்து போய் சாயம் மட்டும்தான் மிஞ்சும். அதனால் தொண்ணூறுகளில் எடுத்த கலர் நெகட்டிவ் மூட்டைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உங்கள் அப்பா எடுத்ததையும், நீங்கள் இளவட்டமாக இருந்தபோது எடுத்ததையும்தான் கொண்டுபோவார். சாயம் வெளிறிக்கொண்டே போகிற கலர் நம்மிடம் கிடக்கும், இன்னும் பல காலம் தாங்கக்கூடிய கறுப்பு வெள்ளை உருகிப் போகும். இதைவிடத் தலைகீழான கணக்கு இருக்க முடியுமா?

தாங்கக்கூடியது என்று சும்மா சொல்லவில்லை. உங்களிடம் வேலைக்கு இருந்தபோது நீங்கள் எங்களைப் போட்டுப் பாடாய்ப் படுத்தியது கழுவுகிற விஷயத்தில்தான். படம் வந்துவிட்டது, கல்யாண வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், அப்போதும் "ஹைப்போ போகணும்டே, இன்னும் ஓடட்டும்" என்று குழாயை மூட விடமாட்டீர்கள். அந்த வயதில் எங்களுக்குக் கோபமாக வரும். படத்தை நிலைநிறுத்தப் போடுகிற அந்த ஹைப்போ மருந்து மிச்சம் இருந்தால் வருஷம் போகப் போக நெகட்டிவ் மஞ்சள் அடித்துப் படமே தின்றுபோகும் என்பதை வேறு ஊர் ஸ்டுடியோக்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்த பிறகுதான் கண்ணால் கண்டேன். உங்கள் பெட்டியில் அது இல்லை. இந்தச் சாரல் ஊரில், ஆனி ஆடியில் சுவரே வியர்க்கிற ஊரில், அத்தனை நெகட்டிவும் தெளிவாக இருக்கிறதென்றால் அது நீங்கள் ஓடவிட்ட தண்ணீர்.

அப்புறம் அந்தப் பதிவு நோட்டுகள். எடைக்காரருக்கு அவை வெறும் பழைய பேப்பர். என்னைக் கேட்டால் நெகட்டிவுக்குச் சமமான மதிப்பு அவற்றுக்கு உண்டு. உறையில் ஒரு எண், நோட்டில் அதே எண்ணுக்கு நேராக ஆள் பெயர், தெரு, எத்தனை காப்பி, பாக்கி எவ்வளவு. உங்கள் அப்பா எழுதிய பழைய நோட்டுகளில் தேதி மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். 824 அல்லது 825 கூட்டிப் பார்த்தால்தான் நமக்கு வருஷம் பிடிபடும், மார்கழி நடுவில் ஜனவரி பிறந்ததற்கு முன்னா பின்னா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1132 என்று போட்ட பக்கங்களை நீங்களே ஒரு முறை எனக்குக் காட்டினீர்கள். அந்த ஆண்டு ஐப்பசியில்தான், 1956 நவம்பர் 1 அன்று, செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது. ஒரே பக்கத்தில் அதற்கு முந்தின வாரம் படம் எடுத்தவரும் பிந்தின வாரம் எடுத்தவரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். மாநிலம் மாறியது பற்றி எழுதிய புத்தகங்கள் இருக்கலாம், ஆனால் அந்த மாதத்தில் நம்மூர் ஆட்கள் எப்படி இருந்தார்கள், என்ன உடுத்தினார்கள், முண்டா, வேட்டியா, தலையை எந்தப் பக்கம் வகிடு எடுத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் பின்னறையில் மட்டும்தான் இருக்கிறது.

நீங்கள் இதை எப்போதும் "வயித்துப்பாட்டுக்கு எடுத்த படம், அதுல என்ன இருக்கு" என்று சொல்வீர்கள். என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

யாஷிகா கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் செய்த இந்து பிலிமோ, கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோவோ, எது கையில் கிடைத்தாலும் பன்னிரண்டுதான். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு ரோல் போட்டால் அது பெரிய வீட்டுக் கல்யாணம். அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நீங்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கு ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளுகிற எங்களால் செய்ய முடியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கே, மூலையில் நிற்கிற விதவைப் பாட்டி எங்கே என்று தேடி இழுத்து வந்து நிறுத்துவீர்கள். "மங்கலப் படத்துல அவங்க வேண்டாம்" என்று யாராவது முனகினால், "லென்ஸுக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு எடுப்பீர்கள். பல பாட்டிமாருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அதுதான்.

அந்த ஒரே படம்தான் பிறகு எத்தனை வீட்டுக்கு உதவியது. ஒரு ஆள் இறந்துபோனால் பதினாறாம் நாளுக்குள் மாலை போடப் படம் வேண்டும் என்று ஓடி வருவார்கள், கையில் ஒன்றும் இருக்காது. "எந்த வருஷம், யார் கல்யாணம்" என்று கேட்டு நோட்டைப் புரட்டி, நெகட்டிவை எடுத்து, கும்பலில் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கிற முகத்தைப் பெரிதாக்கிப் புது நெகட்டிவ் எடுப்பீர்கள். பிறகு அந்தப் புது நெகட்டிவை டச்சிங் பலகையில் வைப்பீர்கள். சாய்வான மரப்பலகை, நடுவில் பால் கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற முகம் பார்க்கும் கண்ணாடி. பென்சில் பிடிப்பதற்காக மீடியம் என்கிற பூச்சைத் தடவி, உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரிக் கூராக்கிய பென்சிலால், சுருக்கம் தெளிவாகத் தெரிகிற இடத்தில் கமா கமாவாகப் புள்ளி வைப்பீர்கள். நெகட்டிவில் கறுப்பு ஏற ஏற பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். ஆனால் எல்லாச் சுருக்கத்தையும் எடுத்துவிட மாட்டீர்கள். "முழுசா எடுத்தா மகன் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டான்" என்று சொன்னது எனக்கு அப்படியே மனதில் இருக்கிறது. இன்றைக்கு செல்போன் ஒரே தட்டில் முகத்தை வழித்து எடுத்துவிடுகிறதே, அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைப்பேன்.

இந்தப் பக்கத்துக் கல்யாணம், அந்தப் பக்கத்துக் கல்யாணம் இரண்டும் உங்கள் பெட்டியில் கலந்து கிடக்கிறது. விடியற்காலை முகூர்த்தத்துக்குத் தென்காசியில் அரக்குப் பட்டு, பகலில் கசவு கட்டிய பெண்ணுக்குத் தாலிகெட்டு ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம். வெள்ளை உடுப்புக்குப் பிளாஷ் போட்டால் ஜரிகையும் துணியும் ஒன்றாக வெளுத்துவிடும், லென்ஸ் துவாரத்தை ஒரு ஸ்டாப் மூடு என்று சொல்லிக் கொடுத்தது அங்கேதான். மார்கழியில் ஆரியங்காவு சாஸ்தாவுக்கும் புஷ்கலைக்கும் திருக்கல்யாணம், மதுரையிலிருந்து சௌராஷ்டிர ஜனங்கள் பெண்வீட்டாராக வந்து நடத்துகிறார்களே, அதை வருஷம் தவறாமல் எடுத்திருக்கிறீர்கள். 1904-ல் ஓடத் தொடங்கிய கொல்லம் ரயில், 2010-ல் மீட்டர்கேஜ் பாதையை மூடுகிற வரைக்கும் பதிமூன்று கண் பாலத்தின் மேல் போவதை எத்தனை கோணத்தில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை, வயிற்றுப்பாட்டுக்கு எடுத்ததும் இல்லை. 2018-ல் அகலப்பாதையில் ரயில் மறுபடி வந்தபோது பழைய படம் கேட்டு உங்களைத் தேடி வந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் கல்ஃப் படங்கள். கடையநல்லூரிலிருந்தும் புனலூரிலிருந்தும் ஆள் போன காலத்தில், புருஷனுக்கு அனுப்ப என்று கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்த பெண்கள். அப்பா முகம் பார்க்காத குழந்தை, குழந்தை முகம் பார்க்காத அப்பா, இரண்டு பேருக்கும் நடுவில் போஸ்ட்கார்டு சைஸில் உங்கள் படம். அனுப்பிய பிரிண்ட் அங்கே எந்த லேபர் கேம்பில் தொலைந்ததோ. நெகட்டிவ் இங்கே இருக்கிறது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். கலர் லேப் வந்தது, டார்க் ரூமில் ஜெராக்ஸ் மெஷின் வைத்தீர்கள், வீடியோவுக்கு ஒரு பையனைப் போட்டீர்கள், டிஜிட்டல் வந்தது, செல்போன் வந்தது, குற்றாலம் சீசனில்கூட படம் எடுத்துக்கொள்ள ஆள் நிற்கவில்லை, 2020 ஊரடங்கில் கல்யாண ஆர்டர் மொத்தமும் போனது. பாஸ்போர்ட் சைஸும் லேமினேஷனும்தான் மிஞ்சியது. இதற்கு மேல் சொல்ல எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் தயக்கம் என்னவென்றும் எனக்குத் தெரியும். போன வருஷம் இதைப் பற்றிப் பேசியபோது சொன்னீர்கள், "ஊர்ப் பொம்பளப்பிள்ளைக படம்டே, நம்பி வந்து உக்காந்துச்சு, வெளி ஆள் கையில கொடுக்க எனக்கு உரிமை இல்ல." இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சடங்கு வீட்டில் ஜடையும் முகமும் ஒன்றாகத் தெரியக் கண்ணாடி முன்னால் நிறுத்தி எடுத்த படம் ஊரான் பார்ப்பதற்கு இல்லை. நீங்கள் சொன்னதைச் சட்டமும் பாதி ஒத்துக்கொள்கிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். சரி, அப்படியானால் அவர்களைக் கேட்போம். நோட்டில் பெயரும் தெருவும் இருக்கிறதே. வீடு வீடாகப் போய், உங்கள் அம்மா படம் இருக்கிறது, வேண்டுமா, வெளியில் காட்டலாமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அவர்களுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு உறையைக் கட்டி வைத்துவிடுவோம். ஆனால் அண்ணாச்சி, வெளி ஆள் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற படத்தை மூட்டையாக ஒரு வெளி ஆளிடமே ஏற்றிவிடுவது எப்படிச் சரியாகும்? அவர் எல்லாவற்றையும் அமிலத்தில்தான் போடுவார், ஒன்றையும் எடுத்து விற்க மாட்டார் என்று யார் சொல்வது?

வெளியில் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பமாக்கோ நகரத்தில் சேடு கெய்ட்டா என்பவர் 1948-ல் ஸ்டுடியோ திறந்தார். நம்மைப் போலத்தான், ஆட்கள் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வருவார்கள், கைக்கடிகாரம், ரேடியோ எல்லாம் ஸ்டுடியோவிலேயே கொடுத்து எடுப்பார், பின்னால் தொங்கவிட்டது ஆரம்பத்தில் அவருடைய கட்டில் விரிப்பு. நெகட்டிவ்களைப் பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவுதான். 1994-ல் பாரிஸில் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். இங்கேயும் ஆள் இருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. பாரிஸ் எல்லாம் நமக்கு வேண்டாம், நம்மூர் நூலகத்தில் ஒரு சுவர் கிடைத்தால் எனக்குப் போதும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெட்டிகளைத் திறந்து மூக்கை வைத்துப் பாருங்கள். காடி வாசனை அடித்தால் அந்தப் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது, அதைத் தனியாக வேறு இடத்தில் வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். பிளாஸ்டிக் கவரில் இருப்பதை எல்லாம் காகித உறைக்கு மாற்ற வேண்டும், அதை நான் வந்து செய்கிறேன். பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், படலத்தோடு வந்துவிடும். தரையில் இருக்கிற பெட்டிகளை மட்டும் இந்தச் சாரலுக்கு முன்னால் பெஞ்ச் மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் வாங்கத் தேவையில்லை, லைட் பாக்ஸ் மேல் நெகட்டிவை வைத்து மேக்ரோ லென்ஸால் எடுத்துவிடலாம், என்னிடம் இரண்டும் இருக்கிறது. நோட்டுகளையும் பக்கம் பக்கமாக எடுத்துவிடுவோம். பெயர் மங்கிய இடத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இது இன்னார் என்று சொல்ல வேண்டும், அதை வேறு யாராலும் செய்ய முடியாது. மாடிப்படி ஏற வேண்டாம், பெட்டிகளை எங்கள் வீட்டு முன்னறைக்கே கொண்டு வந்துவிடலாம், ஒரு ஸ்டீல் பீரோ ஒழித்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு லோடு ஆட்டோவோடு வருகிறேன். அந்த ஆள் கொடுத்த முன்பணத்தை நான் கொண்டு வருகிறேன், அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் அவர் வந்து கேட்டால், பின்னறைச் சாவி தம்பியிடம் இருக்கிறது என்று மதினியைச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்களிடம் தொழில் கற்ற தம்பி