சிலிண்டர் சீவிய வெப்ளியை "வெரி குட்" என்று சான்று கொடுத்து விற்றது குறித்துப் புகார்

ஹூஸ்டன்
ஏப்ரல் 21

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
பழைய துப்பாக்கிகள் விற்பனை மற்றும் மதிப்பீட்டு நிறுவனம், டல்லஸ்.

பொருள்: வெப்ளி மார்க் 6 ரிவால்வர் – தவறான மதிப்பீட்டுச் சான்றிதழ் – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன வருடம் ஹூஸ்டன் பொங்கல் விழாவில் நாம் இருவரும் ஐந்து நிமிடம் பேசினோம், உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. உங்கள் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் ஆறு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஆறுக்கும் "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால்தான் உங்களுக்கே, தமிழிலேயே எழுதுகிறேன். தமிழில் இருந்தால் நடுவில் யாரும் படித்து மூடி வைக்க முடியாது, நேரே உங்கள் மேஜைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை.

மார்ச் 8 அன்று உங்கள் இணையக் கடையில் .455 வெப்ளி மார்க் 6 ஒன்றை 1,150 டாலருக்கு வாங்கினேன். 1916 முத்திரை உள்ளது. வாங்கும் முன் 75 டாலர் தனியாகக் கட்டி உங்கள் மதிப்பீட்டுச் சான்றிதழையும் கேட்டு வாங்கினேன். அதில் எழுதியிருப்பது மூன்றே விஷயம். நிலை "வெரி குட்". பாகங்களில் உள்ள எண்கள் பொருந்துகின்றன. சிலிண்டரில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. முதல் இரண்டையும் விட்டுவிடுகிறேன். மூன்றாவது பொய். எனக்கு வந்தது சீவிய சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் உட்காரும் உருளையின் பின்பக்கத்தைச் சீவியது.

சீவிய சிலிண்டர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். பிரிட்டிஷ் படையிலிருந்து கழித்துவிட்ட வெப்ளிகள் இந்த நாட்டுக்குக் கொத்துக் கொத்தாக வந்தபோது .455 தோட்டா இங்கே கிடைப்பது அபூர்வம். விற்றாக வேண்டுமே என்று சிலிண்டரின் பின்முகத்தைக் கடைசலில் கொடுத்துச் சீவி, அரைநிலா கிளிப் என்ற சிறு தகட்டில் மாட்டிய .45 ஏசிபி தோட்டா உட்காரும்படி செய்தார்கள். ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அதனால்தான் வெப்ளி வாங்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வியே "ஷேவ் பண்ணியதா, பண்ணாததா?" என்பது. சீவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. சேகரிப்பவனுக்கு அதன் விலை வெகுவாக இறங்கிவிடும்.

அந்தக் கேள்வியை நானும் கேட்டேன், ஐயா. மார்ச் 6-ஆம் தேதி தொலைபேசியில் கேட்டேன். உங்கள் பெண் ஊழியர் ஒருவர், நல்ல மரியாதையாகத்தான் பேசினார், இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்து "கை படாததுபோல இருக்கிறது" என்றார். சரி, சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும் என்றுதான் 75 டாலர் கட்டினேன்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன் இல்லை. பதினைந்து வருடமாகப் பழைய ரிவால்வர்கள் சேர்க்கிறேன். இதற்கு முன் வேறு இடத்தில் பார்த்த ஒரு மார்க் 6, என்ஃபீல்டில் 1923-இல் செய்தது, கீல் ஆடியது என்று வேண்டாம் என்றேன். கைப்பிடியை ஒரு கையில் பிடித்துக் குழலைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் தெரிந்துவிடும். நடுவில் மடிந்து திறக்கும் துப்பாக்கிக்குக் கீல் தளர்ந்தால் எல்லாம் போச்சு. தோட்டாவை அடிக்கும் ஹேமரை இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் முன்னால் தள்ளிப் பார்ப்பேன், விழக் கூடாது. எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். முத்திரை மழுங்கி, ஓரங்கள் உருண்டிருந்தால் மெருகேற்றி மறுபடி நீலம், அதாவது இரும்பின் மேல்பூச்சு, ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்க்ரூ தலைகள் கடித்துக் குதறியிருந்தால் அரைகுறை ஆள் யாரோ திறந்திருக்கிறான். இவ்வளவையும் மார்ச் 13 அன்று, நீங்கள் அனுப்பிய துப்பாக்கியை எனக்குக் கைமாற்றித் தரும் ஹூஸ்டன் டீலரின் கவுண்டரில் நின்று பார்த்தேன். கீல் இறுக்கம். ஹேமர் விழவில்லை. எழுத்துகள் தெளிவு. முனையோடு முனை பார்த்த இரண்டு அம்புக்குறிகள், அதாவது படையிலிருந்து விற்கப்பட்டதற்கான முத்திரை, அழகாக இருந்தது. ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. .455 வெற்றுத் தோட்டாக் கூடு என்னிடம் இல்லை, சிலிண்டரைச் சோதிக்க முடியவில்லை. உங்கள் சான்றிதழை நம்பினேன்.

இதைத்தான் உங்கள் ஆள் திருப்பி என் தலையிலேயே கட்டுகிறார், "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று! பார்க்க முடியாததைப் பார்த்துச் சொல்லத்தானே உங்களுக்கு 75 டாலர்?

மார்ச் 22 சனிக்கிழமை ஒரு நண்பர் நான்கு .455 வெற்றுக் கூடுகள் கொண்டுவந்தார். ஒன்றைப் போட்டு மூடினேன். கூடு கடகடவென்று முன்னும் பின்னும் ஆடியது. சிலிண்டருக்கும் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. திறந்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், பின்முகம் முழுக்கக் கடைசல் ஊசி சுற்றிய மெல்லிய வட்டக் கோடுகள், அதன்மேல் பூசியிருந்த கள்ள நீலம். விரலில் துணியைச் சுற்றி எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன், நீலம் துணியோடு வந்துவிட்டது. அந்தத் துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. படமும் இணைத்திருக்கிறேன். உங்கள் மதிப்பீட்டாளர் அதைத் திறந்தாவது பார்த்தாரா?

மார்ச் 24 அன்று உங்கள் மூத்த பிரதிநிதி பேசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்த பிறகு வந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "சார், அது குறை இல்லை, அது கூடுதல் வசதி. .455 தோட்டா எங்கேயும் கிடைக்காது, .45 எல்லாக் கடையிலும் கிடைக்கும். உண்மையில் நாங்கள் உங்களிடம் இன்னும் அதிகம் வாங்கியிருக்க வேண்டும்" என்றார். நான் பொறுமையாக, .45 ஏசிபி 21,000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் தரும் தோட்டா, .455 அதைவிட மிகவும் மென்மையானது, இந்த வெப்ளி அதற்குத்தான் கட்டப்பட்டது, நூறு வயது தாண்டிய இரும்பில் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுடச் சொல்கிறீர்களே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, யூடியூபா?" அப்புறம் ஒரு சிரிப்பு. பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது.

பணத்தை விடுங்கள் ஐயா. அந்த ஆளின் பேச்சை நம்பி ஒரு புதுப் பெட்டி நிறைய .45 வாங்கிக்கொண்டு சுடும் மைதானத்துக்குப் போனால்? சிலிண்டர் பிளந்து கண்ணுக்கோ கைக்கோ வந்தால் யார் பொறுப்பு? என்னிடம் சொன்னார், எனக்குத் தெரியும், தப்பித்தேன். தெரியாதவனிடம் இதையே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்? சீவிய வெப்ளி வைத்திருப்பவர்கள் வெடிமருந்தின் அளவு குறைத்துத் தாங்களே நிரப்பிய தோட்டாவைத்தான் சுடுகிறார்கள். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

திருப்பித் தர நீங்கள் கொடுக்கும் மூன்று நாள் பரிசோதனைக் காலம் பற்றி எழுத மறந்துவிட்டேன். துப்பாக்கி மார்ச் 12 புதன்கிழமை இங்குள்ள டீலரிடம் வந்தது. மறுநாள், துப்பாக்கி வாங்குபவர் தர வேண்டிய 4473 என்ற அரசுப் படிவம் எழுதிக் கொடுத்தேன். பின்னணிச் சோதனையில் "தாமதம்" என்று வந்தது. எனக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வருகிறது. மூன்று வேலைநாள் கழிந்து 19-ஆம் தேதிதான் கையில் கொடுத்தார். உங்கள் கணக்கிலோ டீலர் கையில் விழுந்த நேரத்திலிருந்தே மூன்று நாள் ஓடத் தொடங்கி, 15-ஆம் தேதியே முடிந்துவிட்டதாம். போதாததற்கு, 4473 எழுதிப் பெயர் மாறிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று இன்னொரு விதி. கையில் வாங்கினால் திருப்ப முடியாது, வாங்காவிட்டால் சோதிக்க முடியாது. இது என்ன நியாயம்?

அதன்பிறகு திரும்பப் பெறும் பிரிவு மதிப்பீட்டுப் பிரிவைக் கேட்கச் சொன்னது. மதிப்பீட்டுப் பிரிவு ஹூஸ்டன் டீலரைக் கேட்கச் சொன்னது. அவர் பாவம், 30 டாலர் வாங்கிக்கொண்டு படிவம் எழுதிக் கொடுத்தவர், அவர் என்ன செய்வார்? கடைசியில் ஒருவர் "நேரில் கொண்டுவாருங்கள், சனிக்கிழமை மதிப்பீட்டாளர் இருப்பார்" என்றார். ஏப்ரல் 5, விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினேன். போக 240 மைல். துப்பாக்கியைக் காலி செய்து, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கடை வாசலில் ஒன்பது மணிக்கு நின்றேன்.

மதிப்பீட்டாளர் சனிக்கிழமை வருவதே இல்லையாம்.

இரண்டரை மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்கூட யாரும் கேட்கவில்லை. கடைசியில் கவுண்டரில் இருந்த தம்பி ஒருவன் "நான் பார்க்கிறேன்" என்று வாங்கினான். திறந்தான், உள்ளே பார்க்கக்கூட இல்லை, மணிக்கட்டை ஒரு உதறு உதறிப் படாரென்று மூடினான். நூறு வருடமாகத் தளராமல் இருந்த கீல்! எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி 240 மைல். வழியில் ஒரு வாய் சாப்பிடத் தோன்றவில்லை.

நான் ஏன் இந்தத் துப்பாக்கிக்கு இவ்வளவு அலைகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சிப்பாயாக மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, போனவர். வீட்டில் ஒரு குரூப் படம் இருக்கிறது. நடுவில் நாற்காலியில் வெள்ளைக்கார அதிகாரி, அவர் இடுப்புத் துப்பாக்கி உறையிலிருந்து கழுத்துக்கு ஏறும் கயிறு, பின்வரிசை ஓரத்தில் தாத்தா. மார்க் 6 படைக்கு வந்தது 1915-இல். அந்தக் காலத்து ஒன்று, அன்று எப்படி இருந்ததோ அப்படியே, அந்தப் படத்தின் கீழே வைக்க வேண்டும் என்று பல வருட ஆசை. அப்படியே என்பதுதான் முக்கியம். யாரோ கடைசலில் கொடுத்துச் சீவியதை வைத்து நான் என்ன செய்ய?

இப்போது நஷ்டத்தைச் சொல்கிறேன். துப்பாக்கி 1,150, சான்றிதழ் 75, டீலர் 30, இங்குள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய அறிக்கைக்கு 60. அவர் "500 டாலருக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்" என்று அதிலேயே எழுதியிருக்கிறார். அதன்மேல் பெட்ரோல், இரண்டு நாள் விடுப்பு, தூக்கம் போனது, ஏறிய ரத்த அழுத்தம். எப்படிப் பார்த்தாலும் 4,000 டாலருக்குக் குறையாது. சேகரிப்பாளர்கள் நடுவில் "இவனுக்கே சீவியதைத் தள்ளிவிட்டார்களாம்" என்று என் பெயர் கெட்டதற்கு விலையே இல்லை. பதினைந்து வருடப் பெயர், ஐயா.

நீங்கள் நல்லவர் என்று பொங்கல் விழாவில் பலர் சொன்னார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். உங்களுக்குத் தெரியாமல்தான் இது நடந்திருக்கும். அதனால்தான் வேறு எங்கும் போகாமல் முதலில் உங்களிடம் வருகிறேன். ஆனால் மே 2 வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். கார்டு கம்பெனியில் பணத்தை நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுப்பேன். டெக்சஸ் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுவேன். டெக்சஸின் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டப்படி வழக்குக்கு முன் 60 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். இந்தக் கடிதத்தை அந்த நோட்டீஸாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பிரதியும் பதிவுத் தபாலில் வருகிறது. தெரிந்தே ஏமாற்றியதாக நிரூபணமானால் மூன்று மடங்கு வரை கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போக வக்கீல்கூட வேண்டியதில்லை. மிரட்டுவதாக நினைக்காதீர்கள். என் பொறுமை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தீர்ந்துவிட்டது.

எனக்கு வேண்டியது மேலே சொன்ன 1,315 டாலரும், வீணான அந்த 480 மைல் பயணச் செலவும். அந்த மூத்த பிரதிநிதி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில். இதையெல்லாம்விட அவசரமான ஒன்று இருக்கிறது. நேற்று உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு வெப்ளிகள் விற்பனைக்கு இருக்கின்றன. இரண்டுக்கும் அதே வாக்கியம், "சிலிண்டரில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை". எனக்குப் பதில் போடும் முன் அவை இரண்டையும் இறக்கிவிட்டு, ஒரு .455 கூட்டைப் போட்டு நீங்களே மூடிப் பாருங்கள். சீவியிருந்தால் சீவியது என்று எழுதுங்கள், கடைத் தோட்டா போடக் கூடாது என்றும் எழுதுங்கள்.

ரிவால்வர் எண்ணெய் தடவி, பெட்டியில் பூட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. நீங்கள் ஏற்பாடு செய்தால் இங்குள்ள அதே டீலர் வழியாக அனுப்பி வைக்கிறேன். இனி நான் டல்லஸ் வர மாட்டேன்.

இணைப்பு: சான்றிதழ், ரசீதுகள், சிலிண்டர் பின்முகப் படங்கள் நான்கு, மெக்கானிக் அறிக்கை, ஆறு மின்னஞ்சல்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஹூஸ்டன் வாடிக்கையாளர்