நம்ம ஊரு காட்டு ரோஜாவுக்கு ஒரு போர்டாவது வைங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

மே மாசம் வந்தா உங்க பேப்பர்ல ஊட்டி ரோஜா கண்காட்சி போட்டோ பக்கம் பக்கமா வருது, சந்தோஷம்தான். 1995-ல ஆரம்பிச்ச பூங்கா, ஆயிரக்கணக்குல ரகம் இருக்கு, நானும் வருஷா வருஷம் குடும்பத்தோட போறவன்தான். ஆனா நீலகிரியிலயும் கொடைக்கானல் இருக்குற பழனி மலைத்தொடர்லயும் தானா வளர்ற காட்டு ரோஜா ஒண்ணு இருக்கே, அத பத்தி ஒரு வரி கூட நான் படிச்சதில்ல. தாவரவியல்ல ரோசா லெஷெனோல்டியானாம்பாங்க, 200 வருஷத்துக்கு முன்னாடி புதுச்சேரியில இருந்து நீலகிரிக்கு வந்த லெஷெனோங்கிற பிரெஞ்சுக்காரர் பேரு. மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா வேற எங்கயும் காட்டுல கிடையாது.

கடையில விக்கிற ரோஜா மாதிரி அடுக்கடுக்கா இருக்காது, வெள்ளையா அஞ்சே இதழ், நடுவுல மஞ்சள் மகரந்தம், நல்ல வாசனை. வளைஞ்ச முள்ள கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டு பக்கத்து மரத்து மேல ஏறிடும். சோலைக்காட்டுக்கு உள்ள இருட்டுல தேடுனா கிடைக்காது, வெயில் வேணும்ல, அதனால சோலை முடிஞ்சு புல்வெளி ஆரம்பிக்கிற அந்த ஓரத்துலதான் அதிகம் பாக்கலாம். (மஞ்சளா பழுக்குமே, ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க பறிச்சு திங்குற முள்ளுப்பழம், அதுவும் ரோஜா குடும்பம்தான்.)

பிரச்சனையே அந்த ஓரம்தான். டீ எஸ்டேட், வெள்ளைக்காரன் கொண்டு வந்த சீகை மரம் (தலைக்கு தேய்க்கிற சீயக்காய் இல்ல, இங்கிலீஷ்ல வாட்டில்ம்பாங்க), யூகலிப்டஸ்னு புல்வெளி எல்லாம் போயி ஓரமும் சேர்ந்து சுருங்கிடுச்சு, மிச்சம் இருக்குறத ரோட்டோரம் புதர் வெட்டுறோம்னு ஜேசிபி வச்சு வழிச்சிடுறாங்க. போன வருஷம் நான் நடக்குற பாதையில மூணு கொடி இப்படித்தான் போச்சு, கேட்டா "முள்ளுச்செடி சார்"ங்குறாங்க, முள்ளு இல்லாத ரோஜா எங்கய்யா இருக்கு!

அந்நிய மரத்த அகத்துறதுக்கு 2022-ல அரசு கொள்கையே வந்தாச்சு, வரவேற்கிறேன். ஆனா சீகைய வேரோட பிடுங்கி மண்ண கிளறி விட்டா, பல வருஷமா மண்ணுல கிடக்குற விதை எல்லாம் ஒண்ணா முளைக்கும், அடுத்தடுத்த வருஷமும் போயி கன்னுகள பிடுங்கணும், அதோட எது காட்டு ரோஜான்னு வேலை செய்யுறவங்களுக்கு முதல்லயே காட்டிக் குடுக்கணும். ரோஜா பூங்காவுலயும் நுழைவாயில் பக்கம் நாலு செடி நட்டு தமிழ்ல பேரு எழுதி வைங்க. நான் போன வரைக்கும் அங்க இது என் கண்ணுல பட்டதில்ல.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்