நாகசாகியிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனை மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டாய் என்று படித்ததும் எரிச்சலாகத்தான் இருந்தது. சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

ஃபுகுவோகாவில் மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நாகசாகிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். பாதி வழியில் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி, எதிரிலேயே தயாராக நிற்கும் புல்லட் ரயிலில் ஏறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இறங்கியதும் நேரே தெஜிமா என்ற பழைய டச்சு வியாபாரத் தளத்துக்குப் போனேன்.

ஏன் அங்கே முதலில் என்று நீ கேட்கமாட்டாய். உன் டப்பாவில் கிடக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காசுகளுக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது. ஜப்பானின் செம்பை டச்சுக்காரர்கள் தெஜிமாவில்தான் கப்பலேற்றினார்கள். அதில் ஒரு பங்கு நம் சோழமண்டலக் கரைக்கு வந்தது. நம் பக்கத்துத் துணி இங்கே வந்தது. 1690 முதல் அந்தக் கரைக்கே அவர்களுடைய தலைமையிடம் நம் நாகப்பட்டினம்தானே.

தெஜிமா கடலைத் தூர்த்துக் கட்டிய விசிறி வடிவத் தீவு. 1636இல் போர்ச்சுகீசியர்களை அடைத்து வைக்கக் கட்டினார்கள். அவர்களை விரட்டிய பிறகு 1641இல் டச்சுக்காரர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மொத்தப் பரப்பு சுமார் 15,000 சதுர மீட்டர், நாலு ஏக்கர்கூட வராது. ஒரே பாலம், அதில் காவல். அனுமதி இல்லாமல் ஊருக்குள் கால் வைக்க முடியாது. இருநூறு வருஷத்துக்கு மேல் இப்படி! நம் ஊரில் கோட்டை கட்டி அதிகாரம் பண்ணிய அதே கம்பெனி இங்கே கைகட்டி நின்றிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

இன்று அது தீவு இல்லை. துறைமுகத்தை விரிவாக்கும்போது சுற்றியிருந்த கடலைத் தூர்த்துவிட்டார்கள். 1904க்குள் எல்லாம் தரையாகிவிட்டது. இப்போது பக்கத்திலேயே டிராம் ஓடுகிறது. பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டி வருகிறார்கள். 2017இல் ஆற்றின் மேல் ஒரு இரும்புப் பாலம் போட்டார்கள். தீவுப் பக்கத்துப் பழைய கற்கரையில் பாரம் விழக்கூடாது என்று, எடையை ஊர்ப் பக்கமே தாங்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

கம்பெனித் தலைவர் வீட்டு மாடியில் பாய் விரித்த தரையில் நாற்காலி மேசை போட்டு, நீளமாக விருந்து பரப்பி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கோப்பைகள், இறைச்சித் தட்டுகள், எல்லாம். என்ன விருந்து தெரியுமா? கிறிஸ்துமஸ். ஆனால் கிறிஸ்தவத்துக்குத் தடை இருந்ததால் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கான ‘குளிர்கால விழா’ என்று பெயர் சொல்லிக் கொண்டாடியிருக்கிறார்கள். வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே.

அங்கே சிரித்தேன். பிற்பகல் ஒவுரா தேவாலயத்தில் சிரிப்பு வரவில்லை. அதைக் கட்டி முடித்த கொஞ்ச நாளில், 1865 மார்ச்சில், உரகாமி கிராமத்திலிருந்து சில பேர் வந்து, தங்கள் நம்பிக்கையும் இதுதான் என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிரியார் யாரும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒளித்துக் காத்தவர்கள். மாதா சிலையைக்கூட பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கன்னோன் உருவத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். செய்தி வெளியே வந்ததும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். 1873இல்தான் தடை போனது. டச்சுக்காரர்கள் மறைத்தது காசுக்கு, இவர்கள் மறைத்தது உயிருக்கு. என்னால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியவில்லை.

1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு வெடித்ததும் அந்த உரகாமிக்கு மேலேதான். நடுவில் மலைகள் நின்றதால் துறைமுகப் பக்கம் ஓரளவு தப்பியது. அங்கேயும் போனேன். அதைத் தனியாக எழுதுகிறேன், இதோடு சேர்த்து நாலு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

மற்றபடி சீனர் தெரு, 1634இல் கட்டிய கண்ணாடிப் பாலம் (தண்ணீரில் நிழல் விழுந்தால் மூக்குக் கண்ணாடி மாதிரியே இருக்கிறது), எல்லாம் பார்த்தாயிற்று. இந்த ஊர்ப் பூனைகளில் பாதிக்கு மேல் வால் வளைந்தோ குட்டையாகவோ இருக்கிறது. டச்சுக் கப்பலில் வந்த பூனைகளின் வம்சம் என்கிறார்கள்.

இப்போது உன் முழங்காலுக்கு வருகிறேன். ஊர் முழுக்க மேடு, படிக்கட்டு. ஆனால் இஷிபாஷி டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மலைச்சரிவிலேயே சாய்வாக ஏறும் ஒரு லிஃப்ட் இருக்கிறது. காசு வேண்டாம். என்னோடு ஏறிய இரண்டு பாட்டிகள் காய்கறிப் பையோடு நடுவழியில் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். உச்சியிலிருந்து கிளவர் தோட்டத்தின் மேல்வாசல் வழியாக உள்ளே போய், 1863இல் கிளவர் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி கட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டே இறங்கினால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் வந்து சேரலாம். அங்கிருந்து தெஜிமாவுக்கு டிராம். ஏற்றமே கிடையாது.

ஆகவே காலைச் சரிபண்ணிக்கொண்டு அடுத்த வருஷம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. மகள் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் கிடக்கிறது. காஸ்டெல்லா கேக் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். அடியில் கரையாத சர்க்கரை நறநறவென்று கடிபடும். உனக்குச் சர்க்கரை இருப்பதால் அது தங்கச்சிக்கும் பேரப்பிள்ளைக்கும் மட்டும். டாக்டர் என்ன தேதி கொடுக்கிறார் என்று உடனே எழுது.

அன்புடன்,
ராஜு