அது யார் போட்ட சட்டை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழந்துணியில் கலை செய்பவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே படித்தேன். தையல் மெஷினில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்களின் ஒட்டுத்துணிப் போர்வைகளை, கழிவுத் துணியில் செய்த நவீன ஓவியங்கள் என்கிறது கட்டுரை. ஓவியம் என்பது சரி. கழிவு என்ற சொல்தான் உறுத்துகிறது.

அந்த ஊரின் மிசௌரி பெட்வே, கணவர் இறந்த பிறகு அவர் வயலுக்குப் போட்டுப்போன உடுப்புகளையெல்லாம் பிரித்து 1942-இல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காக அதைப் போர்த்திக்கொண்டு படுக்கவும் என்று மகளிடம் சொன்னாராம். இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதைக் கழிவு என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட முடியுமா?

இதே ஊரின் டெனிம் போர்வைகள் சிலவற்றில், வெளுத்த துணிக்கு நடுவே கருநீலக் கட்டம் ஒன்று தெரியும். பாக்கெட்டைப் பிரித்த இடம் அது. வெயில் படாததால் சாயம் போகவில்லை. பழைய பேண்ட்டைப் பிரித்துப் பார்த்த எந்தத் தையல்காரருக்கும் இது தெரியும். போன மாதம் ஒரு பெண், காலமான அப்பாவின் சட்டைகளைக் கொண்டுவந்து தலையணை உறை கேட்டார். துவைக்காமலே தையுங்கள் அக்கா என்றார். எனக்குக் கத்தரி ஓடவே இல்லை.

நிஜமான வெட்டுத்துணியும் அங்கே உண்டு. 1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவு ஒன்று தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறை தைத்துத் தரும் வேலை வந்தது. மீந்த துண்டுகள் வீடுகளுக்குப் போய்ப் போர்வையாயின. அதை வேண்டுமானால் கழிவு என்று எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

அப்புறம், 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்ததையும், 2006-இல் இந்தப் போர்வைகள் அஞ்சல்தலையில் வந்ததையும் எழுதியவர்கள், ஆற்றைக் கடக்கும் படகின் கதையை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மூன்று பக்கமும் அலபாமா ஆறு சுற்றிய ஊர் அது. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய எதிர்க்கரையிலுள்ள கேம்டனுக்குப் போகத் தொடங்கியதும், 1962-இல் வெள்ளை அதிகாரிகள் படகை நிறுத்திவிட்டார்கள். அது மறுபடி ஓடியது அஞ்சல்தலை வந்த அதே 2006-இல்தான். கடைத்தெரு அத்தனை தூரமாகிப்போன ஊரில், கையில் காசும் இல்லாதபோது, கிழிந்த துணியை யார் எறிவார்கள்?

கட்டுரையோடு வந்த படத்தின் கீழே தைத்தவர் பெயர்கூட இல்லை. அடுத்த முறை அதைப் போடுங்கள். யாருடைய துணி என்று தெரிந்தால் அதையும்.

இப்படிக்கு,
ஒரு தையல் கடைக்காரி,
கோபிசெட்டிபாளையம்