பெட்ரோலைத் திட்டும் முன் எந்த சிலிண்டர் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எங்கள் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இப்போது ஒரே புகார்தான். வண்டி மிஸ் ஆகிறது (இன்ஜினில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் ஓட்டம் விட்டுவிட்டு வருகிறது), ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, நிற்க மாட்டேன் என்கிறது, ரயில்வே கேட்டில் நிறுத்தினால் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து உதறுகிறது. காரணம் கேட்டால் அதற்கும் ஒரே பதில், "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல்தான்." எத்தனாலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்த ஒரு பதிலால் சாதாரணக் கோளாறுகள் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கின்றன, தேவையில்லாத சாமான்களை மாற்றி ஆயிரக்கணக்கில் பில்லும் வருகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

எத்தனால் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2023-ல் சில பங்க்குகளில் தொடங்கிய 20 சதவீதக் கலப்பு, 2025-க்குள் ஏறக்குறைய நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். ஆக்சிஜன் சென்சார் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டி (கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) இதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 போன்ற கார்பரேட்டர் வண்டிகளில் (கார்பரேட்டர் என்பது காற்றில் பெட்ரோலைக் கலக்கும் பாகம்) அதிலுள்ள ஜெட் என்ற சிறு துவாரம் எவ்வளவோ அவ்வளவுதான் போகும், ஆகவே கலவை மெலிந்து ஸ்லோ ஸ்பீடில் தடுமாற வாய்ப்பு உண்டு. பழைய ரப்பர் ஹோஸ், ஆக்சிலேட்டர் பம்பின் டயாஃப்ரம் எல்லாம் ஊறிக் கெடும், டேங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த கசடு பெயர்ந்து வந்து ஃபில்டரை அடைக்கும். இதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும் அறைகளான நான்கு சிலிண்டருக்கும் போவது அதே டேங்கின் பெட்ரோல்தானே? அதில் ஒன்று மட்டும் அடிக்காமல் கிடந்தால் பழி பெட்ரோல் மேல் எப்படி வரும்?

அதனால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன மாற்றணும்?" அல்ல, "எந்த சிலிண்டர்ணே?" என்பதுதான். கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இன்ஜினை ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராக (பெட்ரோலைக் கொளுத்தும் பொறியைத் தரும் பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர்) கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓட்டம் சட்டென்று தொய்யும். எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஓட்டத்தில் வித்தியாசமே தெரியவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இதை வெறுங்கையால் செய்யக் கூடாது, ரப்பர் பிடி போட்ட குறடு வேண்டும், அடித்தால் பலமாக அடிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன், எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்கவே வேண்டாம், பொறிக்கான கரண்ட்டைத் தரும் காயிலோ அதை இயக்கும் மாட்யூலோ போய்விடும், அதற்குப் பதிலாக இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். (டீசல் அம்பாசிடர்காரர்கள் மன்னிக்கவும், ஸ்பார்க் பிளக்கே இல்லாத வண்டிக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.)

சிலிண்டர் தெரிந்துவிட்டால் அடுத்தது காசே செலவில்லாத சோதனை. அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் போட்டு, பக்கத்துப் பிளக்கை இங்கே போட வேண்டும். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் கோளாறு பிளக்கில்தான். மாறவில்லையா, பிளக் வயரை மாற்றி மாட்டிப் பாருங்கள். வயரில் சந்தேகம் இருந்தால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, எட்ட நின்று வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கரண்ட் கசியும் இடத்தில் நீலமாகப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கரண்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியின் உள்ளே முடி போல ஒரு கீறல் விழுந்திருந்தாலும் இதே கதைதான், அதையும் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றும்போது வரிசை மாறாமல் ஒரு பேப்பரில் வைக்கச் சொல்வதும் நல்லது. முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம், உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் உள்ளே வருகிறது, வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. நான்கும் ஒரே நிறமாக இருந்தால் அப்போது கார்பரேட்டரையோ பெட்ரோலையோ சந்தேகப்படுங்கள், ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்த சிலிண்டரை விட்டு நகராதீர்கள்.

எப்போது மிஸ் ஆகிறது என்பதையும் கவனிக்க வேண்டும், நாம் மெக்கானிக்கிடம் சொல்ல மறப்பது இதைத்தான். ஸ்லோ ஸ்பீடில் உதறி, கொஞ்சம் ரேஸ் பண்ணினால் பட்டுப் போல ஓடினால் எங்கோ திருட்டுக் காற்று (கார்பரேட்டர் வழியே வராமல் ஓட்டை வழியே நுழையும் காற்று) உள்ளே போகிறது, இல்லையென்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. நேர்மாறாக, சும்மா நிற்கும்போது ஒழுங்காக இருந்து, நாலு பேரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் பெரும்பாலும் இக்னிஷன், அதாவது பொறி தரும் பக்கம்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏறப் பொறி தாண்டுவது கடினம், பலவீனமான காயில் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடானதும் தகராறு செய்து, ஆறினதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் காயிலையும் இக்னிஷன் கண்டன்சரையும் (ஏசியின் கண்டன்சர் அல்ல) பாருங்கள். வெயில் காலத்தில் நம் ஊர்ச் சூட்டுக்குப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைப்பதும் உண்டு, அது வேறு, அதில் வண்டி மிஸ் ஆவதைவிட மூச்சு முட்டி நின்றே போகும்.

திருட்டுக் காற்று என்றேனே, எங்கள் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவரின் அம்பாசிடருக்கு ஒரு பட்டறையில் புது கார்பரேட்டர் போட்டார்கள். உதறல் அப்படியே இருந்தது. பிளக் செட் மாற்றினார்கள், பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள், பிறகு "இப்ப வர்ற பெட்ரோல் அப்படிண்ணே" என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் இன்ஜினின் உறிஞ்சலால் பிரேக்கை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மடிப்பில் வெடித்திருந்தது. காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: சூடான இன்ஜின் சோக் இழுத்ததும் நிதானமாக ஓடினால் கலவை மெலிந்திருக்கிறது, காற்று நுழையும் ஓட்டையைத் தேடு என்று அர்த்தம். அந்த ஹோஸைத் துணி சுற்றிய குறடால் ஒரு நிமிஷம் நசுக்கிப் பிடித்திருந்தால் இடமும் தெரிந்திருக்கும். ஸ்பிரே அடித்துக் கண்டுபிடிக்கிறேன் என்று சூடான மேனிஃபோல்டு மேல் பெட்ரோலைத் தெளிக்கும் ஆட்களையும் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும்.

எங்கள் ஊர்களுக்கென்றே ஒரு வியாதியும் உண்டு. பெரிய வீடு பூட்டிக் கிடக்கும், வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கொட்டகையில் கார் நிற்கும். கல்யாணத்துக்கோ கோயில் காரியத்துக்கோ வந்து எடுத்தால் உதறும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் தவறாமல் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைத்திருப்பார், பாவம், நல்லெண்ணத்தில்தான். ஆனால் சோக் இழுத்துக் குளிர்ந்த இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓட்டினால் பிளக் முழுக்கக் கரி அப்பும், சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேரும். அதற்கு ஸ்டார்ட் பண்ணாமலே விடலாம். எடுப்பதென்றால் பிள்ளையார்பட்டி வரைக்கும் போய்த் திரும்புங்கள், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து பிளக் தானே சுத்தமாகும். மாதக்கணக்காக நிறுத்தப்போகிறீர்கள் என்றால் எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், தண்ணீர் அதிகமானால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு டேங்கின் அடியில் தங்கும், முதலில் உறிஞ்சப்படுவதும் அதுதான். அப்புறம் எலி. பிளக் வயரைக் கடித்து வைத்துவிட்டுப் போவதில் அதற்கு நிகரில்லை.

பிளக், வயர், ஹோஸ் எல்லாம் சரி, இன்னும் அந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளந்து பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்து காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். கேஸுக்கு மாற்றிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து டேப்பெட் இடைவெளி (வால்வுக்கு மேலே விடும் சிறு இடம்) இறுகி, சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் போவது அடிக்கடி நடப்பது, அட்ஜஸ்ட் பண்ணினாலே சில வண்டி சரியாகிவிடும். மூன்று சிலிண்டர் மாருதி 800 இயல்பிலேயே கொஞ்சம் ஆடும், அதிலும் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போய்விட்டால் மிஸ்ஸே இல்லாமல் மிஸ் ஆவது போல உதறும்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதியதற்கு முக்கியக் காரணம். நாம் எல்லோரும் காசு கொடுத்து வாங்கி டேஷ்போர்டில் போட்டுவைக்கும் புகைச் சான்றிதழில் இந்தக் கோளாறுக்கான துப்பு அச்சடித்தே வருகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு சதவீதத்திலும் ஹைட்ரோகார்பன் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கிலும் இருக்கும். ஹைட்ரோகார்பன் என்பது எரியாமல் வெளியேறிய பெட்ரோல். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் இது எகிறும், கார்பன் மோனாக்சைடோ அவ்வளவாக ஏறாது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் கலவையில் பெட்ரோல் அதிகம். ஆனால் எங்கள் பக்கம் சில மையங்களில் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்ததோடு சரி, புகையை அளக்கும் குழாயைச் சைலன்சருக்குள் விடுவதே இல்லை, சீட்டு மட்டும் கையில் வந்துவிடுகிறது. பாஸ் ஆனால் போதும் என்று நாமும் கேட்பதில்லை. போக்குவரத்துத் துறை இதைக் கவனிக்க வேண்டும், குழாயை உள்ளே விடாமல் தரும் சீட்டுக்கு மையத்தின் உரிமத்தில் கை வைக்க வேண்டும். அதுவரைக்கும் வண்டிக்காரர்களே பக்கத்தில் நின்று குழாய் போட வைத்து, அந்த இரண்டு எண்ணையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், போன தடவைச் சீட்டையும் தூக்கிப் போடாமல் கூடவே எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்க்கார வாசகர்,
பள்ளத்தூர்.