பெயர் எழுதாத படங்களுக்கு ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். தைப்பொங்கல் முடிந்த கிழமை யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வீட்டு ஐயா காலமாகிவிட்டார். அவர் சேர்த்து வைத்திருந்த பழைய நாடக நோட்டீசுகளைப் பார்ப்பதற்காகத்தான் போனோம். விறாந்தையில் இருத்தித் தேநீர் தந்த அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நோட்டீசுகளைப் பார்த்து முடித்து எழும்பும் நேரம், “நானும் கொஞ்சம் படம் கீறினேன், பார்க்கிறீர்களா?” என்றார். மரியாதைக்காகத்தான் மறுபடி இருந்தோம். உண்மையை மறைப்பானேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து றங்குப் பெட்டியை இழுத்தார். மேலே கூறைச்சேலை, பூச்சி உருண்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி. எல்லாவற்றுக்கும் அடியில் நாற்பத்தொரு படங்கள். பெரும்பாலானவை கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கீறியவை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கடைகளில் வண்ணம் ஏது? சலவை நீலம், மஞ்சள் தூள், செங்கட்டித் தூள், அடுப்புக்கரி என்று கைக்கு எட்டியதையெல்லாம் கரைத்திருக்கிறார். ஒரு படத்தில் ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால் ஒரு சிறுமி கொப்பியின் மேல் தூங்கி விழுகிறாள். விளக்கின் சுடருக்கு வைத்த மஞ்சள் வெளிறிவிட்டது. ஆனால் தாளின் ஓரத்தில் ஒரு வட்டக் கறை அப்படியே இருக்கிறது. கீறும்போது உண்மையான போத்தல் நின்ற இடம் அது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது இந்தப் படங்களும் சைக்கிள் கரியரில், அரிசிப் பையின் அடியில் போயிருக்கின்றன. திரும்பி வந்த பிறகு கறையான் ஒரு கட்டின் மூலையைத் தின்றது. அது போக மிச்சம் எல்லாம் இருக்கிறது. கலியாணத்துக்கு முன் கீறிய மூன்றில் மட்டும் தகப்பனின் முதலெழுத்தோடு ஒரு கையொப்பம் உண்டு. பிந்தியவற்றில் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டதற்கு, எந்தப் பெயரைப் போடுவது என்று அப்போது யோசனையாக இருந்தது என்றார். கனடாவில் இருக்கும் மகனுக்கு வட்ஸ்அப்பில் ஒரு படத்தைக் காட்டினோம். நல்லாயிருக்கிறது, யார் கீறியது என்று கேட்டார்.

அந்த நாற்பத்தொரு படங்களுக்கும், அவற்றைப் போல் பெண்கள் கீறி இன்னும் எத்தனையோ கட்டிலடிகளில் கிடப்பவற்றுக்கும் ஓர் அறை வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஓய்வு பெற்ற சித்திர ஆசிரியைகள் நால்வர், நுண்கலைப் பட்டதாரிகள் மூவர், ஒரு நூலகர், ஒரு தச்சர். செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எனக்கும் இதில் ஒரு பழைய கோபம் உண்டு, மறைக்கவில்லை. இளம் வயதில் ஒரு விழா நாடகத்துக்கு அரண்மனைக் காட்சித் திரைச்சீலை ஒன்றை மூன்று கிழமை இருந்து தீட்டினேன். விழாவன்று ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார்கள். திரைச்சீலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த என் மச்சானுக்கு! அவர் இன்றைக்கும் சந்தித்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். திரைச்சீலை மட்டும் எங்கே போனது என்று இருவருக்கும் தெரியாது.

இப்படிப் பெண்களின் பெயர் மறைவது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. நெதர்லாந்தில் ஹார்லெம் நகரத்தில் 17ஆம் நூற்றாண்டில் யூடித் லெய்ஸ்டர் என்று ஓர் ஓவியர் இருந்தார். ஓவியர் சங்கத்தில் முறைப்படி உறுப்புரிமை பெற்றவர். 1636 இல் இன்னோர் ஓவியரை மணந்தார். அதற்குப் பிறகு அவர் தீட்டியதாகத் தெரிந்தவை மிகச் சிலவே. இறந்த பிறகு பெயரே மறைந்துபோய், அவருடைய படங்கள் பிரான்ஸ் ஹால்ஸ் என்ற பெரிய ஓவியரின் படங்களாக விலைப்பட்டன. 1893 இல்தான் ஓர் ஆய்வாளர், அவற்றில் ஒரு படத்தில் ஹால்ஸின் கையொப்பம் என்று நம்பப்பட்டதற்கு அடியில் லெய்ஸ்டரின் முதலெழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருப்பதைக் கண்டார். லெய்ஸ்டர் என்றால் அவர்கள் மொழியில் வழிகாட்டும் விண்மீன். பெயரையே படமாகப் போட்டு வைத்திருக்கிறார், கெட்டிக்காரி. அது ஹால்ஸ் தீட்டியது இல்லை என்று தெரிந்ததும் படத்தை வாங்கிய வியாபாரிகள் விற்றவர்மீது வழக்குப் போட்டார்கள். சீலையும் சாயமும் அதேதான். பெயர் மாறியதும் சரக்குப் பழுதாகிவிட்டது.

லண்டனில் 1768 இல் அரச கலைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஆஞ்சலிகா கௌஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்தக் கழகத்தார் கூடியிருப்பதைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. ஆண்கள் எல்லாரும் உடையற்ற ஆண் மாதிரியைச் சுற்றி நிற்கிறார்கள், இருக்கிறார்கள். அந்த வகுப்புக்குள் பெண்கள் வரக்கூடாது. ஆகவே இந்த இரண்டு பேரையும் ஓவியர் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் மாட்டிய படங்களாக ஆக்கிவிட்டார். நிறுவியவர்களே சுவரில் தொங்குகிறார்கள்! அவர்களுக்குப் பிறகு ஒரு பெண் முழு உறுப்பினராவதற்கு 1936 வரை ஆயிற்று. அவர் லோரா நைட்.

1989 இல் நியூயோர்க்கில் கொரில்லா முகமூடி போட்ட பெண் கலைஞர் குழு ஒன்று அங்குள்ள பெரிய அருங்காட்சியகத்தின் கணக்கைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டியது. நவீன கலைப் பிரிவில் ஓவியர்களில் பெண்கள் ஐந்து வீதத்துக்கும் குறைவு. ஆனால் உடையில்லாமல் தீட்டப்பட்டவர்களில் எண்பத்தைந்து வீதம் பெண்கள். அந்தக் கணக்கு எடுக்க அவர்களுக்கு முடிந்தது, ஏனென்றால் அங்கே சுவர் இருந்தது, சுவரில் பெயர் இருந்தது. எங்களிடம் எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை.

இலங்கையின் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது 1943 இல் கொழும்பில் தொடங்கிய நாற்பத்துமூன்று குழுவை எல்லாரும் சொல்வார்கள். லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல என்று நீளும் அந்தத் தொடக்கப் பட்டியலில் பெண் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்கு மாஸ்டரிடம் ஆண்களோடு பெண்களும் பயின்றார்கள். அந்த வழியில் வந்து மட்டக்களப்பில் வேரூன்றிய ஓவியர் வாசுகி ஜெயசங்கரைப் பலரும் அறிவீர்கள். பொன். இராமநாதன் 1913 இல் பெண் பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டிய மருதனார்மடத்தில்தான் இன்று பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே பெண்களுக்குக் குறைவில்லை. படிப்பு முடிந்து, ஆசிரிய நியமனம் வந்து, கலியாணம் வந்து, பிள்ளை பிறந்து, பிறகு வரும் பத்து வருடத்தில்தான் தூரிகை காய்கிறது. எங்கள் குழுவின் மூன்று பட்டதாரிகளும் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பின்னலையும் தையலையும் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவுக்குள்ளேயே இதில் சண்டை வந்தது. ஓவியம் மட்டும் போதும் என்றார்கள் சிலர். எங்கள் தச்சர் ஒரு பனையோலைக் கடகத்தைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். அவருடைய தாயார் இழைத்தது. உள்ளே ஓலை, வெளியே மட்டை நார், விளிம்பில் ஊதாவும் பச்சையும் மாறி மாறி ஓடும் கோலம். சார்வோலையைக் காயவிட்டு, வார்ந்து, சாயத்தில் அவித்து, ஒரு சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் இழைத்திருக்கிறார். கோலத்தைக் கணக்கிட அவரிடம் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. இதற்குக் கைப்பணி என்று பெயர் வைத்து விலையைப் பேரம் பேசுகிறோம். அதே கோலத்தை ஒருவர் சீலையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினால் கலை என்கிறோம். கடகம் மேசையில் இருந்த இடத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. ஓலை, தையல், பின்னல், கண்ணாடி ஓவியம், திரைச்சீலை எல்லாம் அறைக்குள் வரும்.

அறை எங்கே? நல்லூரில் ஒரு குடும்பம் நடுவில் முற்றம் வைத்த தங்கள் பழைய நாற்சார் வீட்டின் முன் அறைகள் இரண்டைப் பத்து வருடத்துக்கு வாடகையில்லாமல் தந்திருக்கிறது. ஒப்பந்தம் சட்டத்தரணி முன் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் ஓட்டுக்கூரை ஒழுகுகிறது, வயர் எல்லாம் பழசு. கூரைக்கும் மின்னிணைப்புக்கும் 9 இலட்சம் ரூபா கேட்கிறார்கள். படங்களைச் சுருட்டாமலும் மடிக்காமலும் கிடையாக வைக்கும் இரும்பு இழுப்பறைகளுக்கு 8 இலட்சம். கமரா, ஸ்கானர், கணினி, பிரதிகளை வேறிடத்தில் வைக்க வன்தட்டுகள் இவற்றுக்கு 6 இலட்சம். அமிலமில்லாத தாளும் பெட்டிகளும் வெளியிலிருந்துதான் வரவேண்டும், அதற்கு 3 இலட்சம். வீடு வீடாகப் போய்ப் படமெடுத்து, சொல்வதை ஒலிப்பதிவு செய்து, பட்டியல் போட இரண்டு இளம் பட்டதாரிப் பெண்களுக்கு மாதம் 50,000 ரூபா வீதம் ஒரு வருடத்துக்கு 12 இலட்சம். இதைக் குறைக்கச் சொல்லி ஒரு நலன்விரும்பி ஆலோசனை தந்தார், பிள்ளைகள் சேவையாகச் செய்வார்கள்தானே என்றார். பெண்களின் உழைப்புக்கு மதிப்புக் கிடைக்கவில்லை என்று கேட்கும் அறையை இரண்டு பெண்களின் இலவச உழைப்பில் கட்ட எங்களுக்கு மனமில்லை. கடைசியாக, முதல் கண்காட்சிக்கான விளக்கநூல் 500 பிரதி, 5 இலட்சம்.

மொத்தம் 43 இலட்சம். கையில் இருப்பது 11 இலட்சத்து 40 ஆயிரம். மீதி 31 இலட்சத்து 60 ஆயிரத்துக்குத்தான் உங்களிடம் வருகிறோம். ஐப்பசி மழைக்கு முன் கூரை வேலை முடியவேண்டும், ஆகையால் முதல் 9 இலட்சம் ஆவணி முடிவதற்குள் சேர்ந்தால் பெரிய உதவி. இரண்டாயிரம் ரூபா தருபவருக்கும் இரண்டு இலட்சம் தருபவருக்கும் ஒரே பற்றுச்சீட்டுத்தான். வங்கிக் கணக்கில் குழுவினர் மூவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறைக் கதவில் ஒட்டப்படும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பப்படும். கணக்கு விபரம் இக்கடிதத்தை உங்களுக்குத் தந்தவரிடம் உண்டு. ஊரில் இருப்பவர்கள் ஞாயிறு காலையில் நல்லூர் அறைக்கே வரலாம். சுண்ணாம்பு உதிரும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறோம். உபயகாரரின் பெயர் எங்கும் எழுதப்படாது. எங்கள் ஊரில் ரியூப்லைற் ஒன்று கொடுத்தாலும் அதன் மேல் உபயம் இன்னார் என்று வெளிச்சம் மறையும் அளவுக்கு எழுதுவோம். அது எங்கள் பழக்கம், குறை சொல்லவில்லை, என் வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள். இந்த அறையில் மட்டும் வேறு விதமாகச் செய்வோம். பணம் தருகிற ஒவ்வொருவரும் உங்களுக்குத் தெரிந்த, கையால் ஏதோ ஒன்றைச் செய்த ஒரு பெண்ணின் பெயரை எழுதித் தாருங்கள். அம்மம்மா, பெரியம்மா, பள்ளிக்கூடத்துச் சித்திர ரீச்சர், பக்கத்து வளவில் பெட்டி இழைத்தவர், யாராக இருந்தாலும் சரி. அவர் எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாரோ அந்தப் பெயர், பிறந்த ஊர், செய்த பொருள் மூன்றும் போதும். கலியாணத்துக்கு முந்திய பெயரும் பிந்திய பெயரும் தெரிந்தால் இரண்டையும் எழுதுங்கள். அந்தப் பெயர்கள்தான் சுவருக்குப் போகும். பணம் தர வசதியில்லாதவர்கள் பெயரை மட்டும் தரலாம், அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு.

வீட்டில் படம் ஏதாவது கிடந்தால் எங்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நாங்கள் வந்து படமெடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டுப் போவோம். தயவுசெய்து லமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கிறோம், ஆனால் சூட்டில் ஒட்டியதைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோரேப்பும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கிவிடும். ஈரமில்லாத இடத்தில், நிலத்தில் படாமல், தட்டையாக வையுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் திரும்பிப் போகுமுன் ஒருதரம் அம்மாவின் அலுமாரி மேல்தட்டைத் திறந்து பாருங்கள். போனில் படமெடுத்து அனுப்பினாலே போதும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். கோப்பாய் அம்மாவின் ஒரு படத்தின் பின்புறத்தில் பால்காரனுக்குக் கொடுக்கவேண்டிய கணக்கு இருந்தது, அதை வைத்துத்தான் படத்தின் வருடத்தைக் கண்டுபிடித்தோம்.

இப்படிக்கு,
குழுவின் சார்பில்,
செயலாளர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.